கிணற்று வாளியிலிருந்து ஒரு கேள்வி: சிறப்புப் பட்டத்துக்குக் கணிதமா, பௌதிகமா?

படுவான்கரையாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமாணி இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறேன். விரைவில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு ஒரு பாடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். கணிதத்திலும் பௌதிகவியலிலும் பெறுபேறுகள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் புள்ளிகளைப் பார்த்து முடிவெடுக்க முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன், சற்று நீளமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் கப்பிக் கிணறு. விடுதியிலிருந்து வீட்டுக்கு வரும் நாட்களில் தண்ணீர் அள்ளுவது என் வேலை. சித்திரை விடுமுறையில் ஒரு மாலை, வாளி அடியில் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. மேலே இழுக்க இழுக்கக் கயிறு இரண்டு பக்கமும் பெரிதாகச் சாய்ந்து ஆடத் தொடங்கியது. “தண்ணீர் சிந்துகிறது, நேரே இழு பிள்ளை” என்றார் அம்மா. நான் நேராகத்தான் இழுத்தேன். யாரும் வாளியைப் பக்கவாட்டில் தள்ளவில்லை. அப்படியானால் ஆட்டம் எங்கிருந்து வந்தது? பத்து வயதிலிருந்து இந்தக் கிணற்றில் அள்ளுகிறேன், ஒருநாளும் இதைக் கேட்டதில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. மறுநாள் மாமாவின் பழைய வீச்சுவலையிலிருந்து ஈயக்குண்டுகள் பத்தைக் கழற்றித் துணியில் இறுக்கிக் கட்டினேன். விறாந்தை வளையில் ஒரு கொளுக்கி. அதற்குள்ளால் நைலோன் நூல். தம்பி கைபேசியில் படம்பிடித்தான். நூலின் நீளம் 2 மீற்றர், தொடக்க வீச்சம், அதாவது நடுவிலிருந்து விலகும் உச்சக் கோணம், 5 பாகை. நாற்பது விநாடியில் மெதுவாக இழுத்து 50 சென்ரிமீற்றர் ஆக்கினேன். வீச்சம் 13 பாகைக்கு வந்துவிட்டது. ஆறு முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் 13, அல்லது அதை ஒட்டி.

உயர்தரத்தில் படித்த சக்திக் காப்பை வைத்துக் கணித்தால் சரிவரவில்லை. நான் இழுக்கும்போது வேலை செய்கிறேன் அல்லவா, அதனால் சக்தி காக்கப்படாது. சரி. ஆனால் ஏதோ ஒன்று காக்கப்படாவிட்டால் ஆறு முறையும் ஒரே விடை எப்படி வரும்? இதுதான் என்னை விடவில்லை. ஒரு கொப்பி முடியும்வரை எழுதிப் பார்த்தேன்.

என் கேள்விகள். இப்படிப்பட்ட கேள்விகளோடு வாழ்நாளைக் கழிக்க விரும்பும் ஒருத்தி கணிதத்தைத் தெரிவுசெய்ய வேண்டுமா, பௌதிகத்தையா? ஆய்வுக்குப் போனவர்கள் என் நிலையில் இருந்தபோது என்ன செய்தார்கள்? இந்த வாளி விடயம் ஆய்வு என்று சொல்லத்தக்கதா, அல்லது எல்லாருக்கும் தெரிந்த ஒன்றா?

அப்பா வேளாண்மை செய்கிறார். எனக்குக் கீழே இரண்டு பேர் படிக்கிறார்கள். பட்டம் முடித்து ஆசிரியர் நியமனம் எடுத்தால் வீடு நிமிரும் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

————

சம்மாந்துறையான் எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிவைப் பரிசோதனைக்கூட வாசலில் நின்றபடி வாசித்தேன். உள்ளே போக மனம் வரவில்லை, முதலில் இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இருந்துவிட்டேன். நான் சம்மாந்துறை. இப்போது அமெரிக்காவில் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு நான்காம் ஆண்டு.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வாளி விடயம் தெரிந்த ஒன்றுதான். ஆனால் யாருக்கு, எப்போது தெரிந்தது என்று கேளுங்கள். 1911இல் பிரஸல்ஸில் பௌதிகவியலாளர்களின் முதலாவது சொல்வே மாநாடு நடந்தபோது டச்சுப் பௌதிகவியலாளர் லொரன்ட்ஸ் இதே கேள்வியைத்தான் ஐன்ஸ்டைனிடம் கேட்டார்: ஆடும் ஊசலின் நூலை மெதுவாகச் சுருக்கினால் என்ன ஆகும்? ஐன்ஸ்டைனின் விடை: சக்தியும் மாறும், மீடிறனும் (ஒரு விநாடிக்குள் எத்தனை ஆட்டம் என்பது) மாறும், ஆனால் சக்தியை மீடிறனால் வகுத்தால் வருவது மாறாது. குவாண்டம் கொள்கை தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அந்த விடைக்குப் பெரும் பெறுமதி இருந்தது. ஊசலுக்கு அனுமதிக்கப்பட்ட சக்திகள் மீடிறனின் மடங்குகள் என்றால், நூலைச் சுருக்கும்போது அந்த மடங்கு குலையாமல் இருக்க வேண்டும் அல்லவா? அந்த மண்டபத்தில் எழுந்த கேள்வி உங்கள் கிணற்றடியிலும் எழுந்திருக்கிறது. இதைவிட வேறு சான்றிதழ் உங்களுக்குத் தேவையில்லை.

இப்போது கணக்கு. சிறிய ஆட்டத்தில் சக்தி, நீளத்தையும் கோணத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதற்கு விகிதசமன். மீடிறன், நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு. ஒன்றை மற்றதால் வகுத்து மாறிலி என்று வையுங்கள். கோணம், நீளத்தின் முக்கால் அடுக்குக்கு நேர்மாறாக மாறும் என்று வரும். உங்கள் நீளம் நான்கில் ஒன்றாகியது. நான்கின் முக்கால் அடுக்கு 2.83. ஐந்து பாகையைப் பெருக்கினால் 14.1. நீங்கள் கண்டது 13. விறாந்தை வளையிலும் வலைக்குண்டிலும் செய்த பரிசோதனைக்கு இது எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்!

இன்னும் ஒன்று: குண்டு பக்கவாட்டில் விலகும் தூரத்தையும் அளந்தீர்களா? கோணம் கூடினாலும் அந்தத் தூரம் குறைந்திருக்க வேண்டும். ஏறத்தாழ பதினேழரை சென்ரிமீற்றரிலிருந்து பன்னிரண்டுக்கு. அம்மாவின் கண்ணுக்கு ஆட்டம் கூடியது, ஆனால் வாளி கிணற்றுச் சுவரை விட்டு விலகியே வந்தது.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோணத்தை வைத்து எழுதாமல் அந்தப் பக்கவிலகலை வைத்துச் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள். அரைப் பக்கத்தில் முடியும். வேகத்தோடு வரும் உறுப்பு மறைந்துவிடும். நேரத்தோடு மாறும் மீடிறன் கொண்ட எளிய அலையியின் (ஊசல்போல் முன்னும் பின்னும் ஆடும் பொருளின்) சமன்பாடு தனியே நிற்கும். அந்தச் சமன்பாட்டுக்கு, மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் சற்றும் மாறாத ஒரு கணியம் இருக்கிறது. அண்ணளவாக அல்ல, மிகச் சரியாக. 1880இல் எர்மக்கோவ் என்ற ரஷ்யக் கணிதவியலாளர் அதன் வித்தைக் கண்டார். 1967இல் லூயிஸ் என்ற பௌதிகவியலாளர் அதைப் பௌதிகத்துக்குக் கொண்டுவந்தார். 1976இல் அது ஏன் மாறவில்லை என்பதற்கு ஓர் அழகான விளக்கம் வந்தது: உங்கள் ஒருபரிமாண ஆட்டத்தை, ஒரு தளத்தில் சுற்றும் துணிக்கையின் நிழலாக நினையுங்கள். விசையின் வலிமை நேரத்தோடு மாறினாலும் அது எப்போதும் மையத்தை நோக்கியே இருக்கிறது. ஆகவே கோண உந்தம், அதாவது சுற்றும் இயக்கத்தின் உந்தம், மாறாது. அந்த மாறாக் கணியம் இந்தக் கோண உந்தத்தின் மறுவடிவம்தான்.

அந்தக் கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவர் யார் தெரியுமா? கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். எங்கள் நாட்டுத் தமிழர். கேம்பிரிட்ஜில் குவாண்டம் பௌதிக அறிஞர் டிராக்கின் மாணவராக ஆய்வு செய்தவர். பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். அங்கிருந்து மலாயா, பின்னர் மெல்பேர்ண். கதிர்வீச்சினால் வரும் எதிர்விசையைச் சேர்த்தால், நேரே புரோத்தனை நோக்கி விழும் இலத்திரன் அதைப் போய்ச் சேராது என்று 1943இல் காட்டினார். இலத்திரனைப் பற்றி எழுதியவர் கணிதப் பேராசிரியர்! உங்கள் முதலாவது கேள்விக்கு அவருடைய வாழ்க்கையில் பாதி விடை இருக்கிறது.

மீதிப் பாதி என் அனுபவம். பாடத்தின் பெயரைப் பார்க்க வேண்டாம். எந்தத் திணைக்களத்தில் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் உங்களோடு உட்கார்ந்து பேசக்கூடிய ஒருவர் இருக்கிறாரோ அங்கே போங்கள். எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். அவர் கரும்பலகையில் என் பிழையைச் சுட்டிக்காட்டிய மாலைகளில்தான் நான் ஆய்வாளன் ஆகத் தொடங்கினேன். ஒன்று மட்டும் உறுதி: சிறப்புப் பட்டத்தை விட்டுவிடாதீர்கள். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தால் பல இடங்களில் நான்கு வருடப் பட்டம் கேட்பார்கள். நான்கு வருடம் இருந்தால் முதுமாணி இல்லாமலே கலாநிதிப் படிப்புக்கு நேரே விண்ணப்பிக்கலாம். கற்பித்தல் உதவியாளர் பதவி கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதச் சம்பளமும் உண்டு. நான் அதில்தான் இருக்கிறேன். வாப்பாவிடமிருந்து ஒரு சதமும் வாங்கவில்லை, சிறிது அனுப்பவும் முடிகிறது. வீட்டாரிடம் இதையும் சொல்லுங்கள்.

————

கல்முனை ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

மகள், முப்பத்திரண்டு வருடம் இணைந்த கணிதம் படிப்பித்தவன் நான். சம்மாந்துறைத் தம்பி சொன்னதில் ஓரிடத்தில் எனக்கு மறுப்பு உண்டு. ஆளைப் பார்த்துப் போ என்கிறார். ஆள் இடம் மாறிப் போனால்? மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டால்?

நான் பௌதிகம் என்பேன். காரணம் எளியது. கணிதத்தை விளக்கின் கீழே கொப்பியை வைத்துக்கொண்டு தனியாகவும் கற்கலாம். மெய்ப் பகுப்பாய்வு, குழுக் கொள்கை எல்லாவற்றுக்கும் இன்று நல்ல விரிவுரைகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, மெட்ராஸ் ஐ.ஐ.டி. போன்ற இடங்களின் பாடங்கள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் அலைவுகாட்டியையும் லேசரையும் வீட்டில் வைத்துப் பழக முடியாது. பல்கலைக்கழகத்தில் மட்டும் கிடைப்பதைப் பல்கலைக்கழகத்தில் எடுக்க வேண்டும்.

ஆசிரியர் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை ஆய்வுக்கு எதிரியாக நினைக்காதீர்கள். பயிற்சிக் கணக்குகளையே செய்துவந்த என் மாணவர்களிடம் இப்படி ஒரு வாளிக் கேள்வியை நான் ஒருநாளும் கொடுக்கவில்லை. இன்று காலை அதை என் பேரப்பிள்ளைக்குக் கொடுத்தேன். இன்னும் முற்றத்தில் நூலோடு நிற்கிறான்.

————

ஹந்தானை அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் ஆரையம்பதி. கண்டியில், ஹந்தானை மலையில் இருக்கும் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவகத்தில் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். நாட்டை விட்டுப் போகாமலும் ஆய்வு செய்யலாம் என்பதை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். இங்கே வேலை செய்துகொண்டு பேராதனையின் விஞ்ஞான முதுகலை நிறுவகத்தில் பட்டத்துக்குப் பதிவுசெய்யலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொரு வழி இத்தாலியின் திரியெஸ்தே நகரில் இருக்கும் சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக நிலையம். அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கியது. எங்களைப் போன்ற நாடுகளிலிருந்து வரும் மாணவர்களுக்கென்றே ஒரு வருட டிப்ளோமா நடத்துகிறார்கள். கணிதத்துக்கும் இருக்கிறது, பௌதிகத்துக்கும் இருக்கிறது. கட்டணம் இல்லை, தங்கிப் படிக்க உதவித்தொகை தருகிறார்கள். கலாநிதிப் படிப்புக்குத் தயாராக அது நல்ல பாலம்.

இனி உங்கள் 13 பாகை. சம்மாந்துறை நானா 14.1 என்று கணித்துவிட்டு “நெருக்கம்” என்று விட்டுவிட்டார். நான் விட மாட்டேன். அந்த ஒரு பாகை எங்கே போனது? ஆய்வு என்பது எனக்கு அந்த ஒரு பாகைதான். நூலை 2 மீற்றரிலேயே நிறுத்தி, இழுக்காமல், நாற்பது விநாடி ஆட விடுங்கள். வீச்சம் எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள். 50 சென்ரிமீற்றரிலும் அதையே செய்யுங்கள். கொளுக்கியில் நூல் உராய்வதும் ஒரு பங்கு எடுக்கும், அதனால் கொளுக்கிக்குப் பதிலாகச் சிறிய கப்பி போட்டுப் பாருங்கள். இடையில் ஐந்தாறு நீளங்களில் நிறுத்தி அளந்து, மடக்கை–மடக்கைத் தாளில் (இரண்டு அச்சும் மடக்கை அளவில் உள்ளது) குறியுங்கள். சரிவு முக்காலுக்கு எவ்வளவு கிட்ட வருகிறது, எந்தப் பிழை எல்லைக்குள் வருகிறது என்று சொன்னால்தான் நீங்கள் சொல்வதை நான் நம்புவேன். ஒவ்வொரு அளவையும், பிழைத்துப்போனவை உட்பட, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். அழிக்க வேண்டாம். முதல் வருடத்தில் நான் அழித்த ஒரு வாசிப்புத்தான் சரியானது என்று எட்டு மாதம் கழித்துத் தெரிந்தபோது அழுதேன்.

————

படுவான்கரையாள் எழுதியது:

நானா, சேர், அக்கா, மூவருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. அளக்காமல் வந்து எழுத விரும்பவில்லை.

முதலில் அக்காவின் ஒரு பாகை. 2 மீற்றரில் இழுக்காமல் நாற்பது விநாடி விட்டேன்: 5 பாகை 4.7 ஆகியது. அதே பங்கு இழப்பை 14.1இலிருந்து எடுத்தால் 13.3. தம்பியின் பழைய விளையாட்டு வண்டியிலிருந்து ஒரு சிறிய சில்லைக் கழற்றிக் கப்பியாக்கினேன். இப்போது 13.4 வருகிறது. என்னால் அரைப் பாகைக்கு மேல் திருத்தமாக வாசிக்க முடியாது. ஆகவே ஒத்துப்போகிறது என்று சொல்லலாமா அக்கா? இதை எழுதும்போது கை நடுங்குகிறது. பக்கவிலகலும் நானா சொன்னபடியே குறைந்தது. அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்போ மேலே வர வர ஆறுதலாக இழுத்தால் சிந்தாதா?” என்று கேட்டார். ஆறுதலாக இழுத்தாலும் கோணம் கூடத்தான் செய்யும், அடியிலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டு இழுக்க வேண்டும் என்றேன். அடுத்த நாள் அவர் அப்படியே செய்வதைக் கண்டேன்.

பக்கவிலகல் சமன்பாட்டை நானே நிறுவினேன். சீரான வேகத்தில் இழுத்தால், புவியீர்ப்பு ஆர்முடுகலை நீளத்தால் வகுத்ததுதான் கோண மீடிறனின் (மீடிறனின் 2π மடங்கு) வர்க்கம். வேகம் மாறினால் கயிற்றின் ஆர்முடுகலும் அதில் சேர்கிறது. இதை எழுதி முடித்தபோது இரவு ஒரு மணி. எழுப்பிச் சொல்வதற்கு யாரும் இல்லாமல் விறாந்தையில் போய் அந்தக் குண்டைத் தட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று குழம்புகிறது. நாற்பது விநாடிக்குப் பதிலாக ஒன்றரை விநாடியில் இழுத்தால் விடை ஒன்றாக வருவதில்லை. ஒருமுறை 10 பாகை, இன்னொரு முறை 17. அளவீட்டுப் பிழை இவ்வளவு பெரிதாக இருக்காது. மாறாக் கணியம் வேகமாக இழுத்தாலும் மாறாது என்றீர்களே நானா?

————

சம்மாந்துறையான் எழுதியது:

அந்தக் கணியம் மாறவில்லை. ஆனால் வேகமாக இழுக்கும்போது அது சக்தி–மீடிறன் விகிதத்துக்குச் சமமாக இருப்பதில்லை. இரண்டும் ஒன்றாவது மெதுவாக இழுக்கும்போது மட்டுமே. வேகமாக இழுத்தால், நீங்கள் இழுக்கத் தொடங்கிய கணத்தில் குண்டு எங்கே இருந்தது என்பது விடைக்குள் வந்துவிடும். இரண்டு எல்லைகளைக் கணித்துப் பாருங்கள். கண் இமைக்கும் நேரத்தில் நூலை நான்கில் ஒன்றாக்குவதாக வையுங்கள். குண்டு ஓரத்தில் ஒரு கணம் நிற்கும்போது இழுத்தால் கோணம் 5 பாகையாகவே இருக்கும். நடுவைக் கடக்கும்போது இழுத்தால், கோண உந்தம் காக்கப்படுவதால் கோண வேகம் பதினாறு மடங்காகும். மீடிறன் இரு மடங்காவதால் வீச்சம் எட்டு மடங்கு, அதாவது 40 பாகை. உங்கள் 10உம் 17உம் இந்த இரண்டுக்கும் இடையில் கிடக்கின்றன.

சித்திரைக்கு ஊஞ்சல் கட்டி நின்றாடும் பிள்ளைகளைப் பாருங்கள். நடுவில் எழுந்து, ஓரத்தில் குந்துவார்கள். ஒரு முழு ஆட்டத்துக்குள் இரண்டு முறை. உங்கள் சமன்பாட்டைத்தான் கால்களால் தீர்க்கிறார்கள். இனிமேல், இழுக்கும் நேரத்தையும் தொடக்க நிலையையும் மாற்றி மாற்றி இறுதிக் கோணத்தைப் பைதன் நிரல்மொழியில் கணித்து, அளவுகளோடு ஒப்பிடுங்கள். லேடெக்கில் (கணிதக் கட்டுரைகளை அச்சமைக்கும் மென்பொருள்) நான்கு பக்கம் எழுதுங்கள். அந்த நான்கு பக்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டு விரிவுரையாளரிடம் போங்கள். “எனக்கு ஆய்வில் ஆர்வம்” என்று வெறுங்கையோடு போகிறவர்கள் பலர்.

————

படுவான்கரையாள் எழுதியது:

நேற்று மீண்டும் இருபது முறை இழுத்தேன், ஒவ்வொரு முறையும் தொடக்க நிலையைக் காணொளியில் பார்த்துக் குறித்தேன். ஓரத்துக்குக் கிட்ட இருந்தபோது தொடங்கியவை ஒரு பக்கமும் நடுவில் தொடங்கியவை மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்கின்றன. ஆனால் எந்தத் தொகுதி பெரிது என்பது நான் எதிர்பார்த்ததற்கு மாறாக வருகிறது. ஒன்றரை விநாடிக்குள் குண்டு ஓரளவு ஆடிவிடுவதால், இழுப்பு முடியும் கணமும் கணக்கில் வருகிறதோ என்று நினைக்கிறேன். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கம் முடிந்துவிட்டது.

சேர், பௌதிகத்துக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிவிட்டேன். மூன்றாம் ஆண்டில் கணிதத் திணைக்களத்தில் வகையீட்டுச் சமன்பாட்டுப் பாடத்தையும் எடுக்கக் கேட்டிருக்கிறேன். நேற்று இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நானாவின் மாதச் சம்பள விடயம் உட்பட. வேளாண்மை வெட்டு முடியட்டும், இருந்து பேசுவோம் என்றார். இன்று காலை வயலுக்குப் போகும் முன் விறாந்தையில் நின்று அந்த ஈயக்குண்டைத் தானே ஒருமுறை ஆட்டி, நூலை மெதுவாக இழுத்துப் பார்த்தார்.